கைதட்டல் கற்றுத் தரும் பேச்சு

டீக்கடை பெஞ்சு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியிலும் அது இருக்கிறது. திருமயம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலும் இருக்கிறது. உங்கள் ஊரிலும் நிச்சயம் இருக்கும். விடிந்ததும் விடியாததுமாக அங்கே கூடுகிற சபையில் அலசப்படாத உலக விஷயம் கிடையாது. நான் பெண்பிள்ளை. அந்தப் பெஞ்சில் எனக்கு இடம் இல்லை. ஆனால் முப்பது வருஷம் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் ஆகையால், பக்கத்தில் நின்று கேட்கிற பாக்கியம் நிறையக் கிடைத்தது. நம்முடைய பஸ்கள் அந்தப் பாக்கியத்தில் ஒரு குறையும் வைத்ததில்லை.

பேசுகிறவரைப் பார்ப்பதில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. கேட்கிறவர்களைப் பார்க்க வேண்டும். இதுதான் அங்கே நின்று நான் தெரிந்துகொண்டது. ஒருவர் சொல்கிறார்: "கண்மாய்க் கலுங்குல ஒரு கல்லு பேந்து கெடக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி பாத்தாத் தேவலை." ஒரு தலையும் நிமிரவில்லை. பத்திரிகையின் பக்கம்தான் புரளுகிறது. இன்னொருவர் சொல்கிறார்: "கல்லு பேந்தா என்ன, கரையே போனா என்ன? கரையைத் தின்னவன் கார்ல போறான்!" அடேயப்பா! பெஞ்சு முழுவதும் குலுங்குகிறது. டீ ஆற்றுகிற கை கூட அந்தரத்தில் நின்று போகிறது. யார் தின்றார், எந்தக் கரையை, என்று ஒருவரும் கேட்பதில்லை. பத்து நாள் கழித்துப் பாருங்கள். கலுங்குக் கல்லைப் பற்றிச் சொன்னாரே, அந்த முதல் மனிதர், அவரும் இப்போது கார், தின்கிறவன் என்றுதான் ஆரம்பிக்கிறார். அவருக்கும் சிரிப்புக் கிடைக்கிறது. கல் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

ஒரு மனிதனுடைய பேச்சை மாற்றுவதற்குப் பிரம்பு வேண்டாம், வாத்தியார் வேண்டாம். நாலு பேர் சிரித்தால் போதும். நாலு பேர் தலையாட்டினால் போதும். நம் வீட்டுப் பாட்டிமார் கதை சொல்லும்போது "உம் கொட்டு, உம் கொட்டு" என்பார்களே, அது எதற்கு? குழந்தை தூங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மட்டும் அல்ல. எந்த இடத்தில் உம் பலமாக விழுகிறதோ, அந்த இடத்தில் ராட்சசன் இன்னும் கொஞ்சம் பெரியவனாகிறான். மறுநாள் அதே கதையில் அவனுக்கு இரண்டு பல் கூட முளைத்திருக்கும். எங்கள் புதுக்கோட்டை பி. யூ. சின்னப்பா மாதிரியான நடிகர்கள் வளர்ந்த பழைய நாடகக் கொட்டகைகளில், ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினால் செத்துக் கிடந்த ராஜா எழுந்து நின்று பாட்டை மறுபடி பாடிவிட்டுத் திரும்பச் சாவாராம். நாம் சிரிக்கிறோம். ஆனால் பேச்சும் அப்படித்தான் நடக்கிறது. எழுந்திருப்பது மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்து, 2021-ல் வெளியிட்டார்கள். ட்விட்டர் என்று அப்போது பெயர் பெற்றிருந்த இடத்தில் 7,331 பேர் எழுதிய 1 கோடியே 27 லட்சம் செய்திகளை எடுத்துக்கொண்டார்கள். கோபமும் கண்டனமுமாக ஒருவர் எழுதி, அதற்கு மற்றவர்களுடைய ஆமோதிப்பு நிறையக் கிடைத்தால், பின்னால் அவர் இன்னும் அதிகக் கோபமாக எழுதுகிறார் என்று கண்டார்கள். இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. தீவிரமான கூட்டத்தில் இருப்பவர்களைவிட, நிதானமான சிநேகிதர்களுக்கு நடுவே இருப்பவர்களைத்தான் இந்த ஆமோதிப்பு அதிகமாக மாற்றுகிறதாம். ஏற்கெனவே கொதிக்கிற பானையில் விறகு வைத்தால் என்ன, எடுத்தால் என்ன? ஆறின பானைதான் ஒரு சுள்ளிக்குக் கூடச் சுடுகிறது. அந்த முதல் மனிதரை, கலுங்குக் கல்லைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவரை, நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கைதட்டல் கெடுதல்தான் செய்யும் என்று சொல்லிவிடக் கூடாது. தமிழுக்கே அது பெரிய உபகாரம் செய்திருக்கிறது. அந்தக் கதையிலும் எங்கள் திருமயத்துக்குப் பங்கு உண்டு.

நூற்றுப் பதினைந்து, நூற்றிருபது வருஷங்களுக்கு முன்னால் இந்த நாட்டில் பெரிய மனிதர்கள் கூட்டம் என்றால் இங்கிலீஷில்தான் நடக்கும். கேட்கிறவர்கள் வக்கீல்கள், பட்டதாரிகள், உத்தியோகஸ்தர்கள். அவர்களுடைய தலையாட்டல் வேண்டுமானால் அவர்களுடைய பாஷையில் பேச வேண்டும். 1907-ல் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசினார். தேசமே அதிர்ந்தது என்பார்கள். பேசினது இங்கிலீஷில். மறு வருஷம், 1908-ல், தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் கோரல் மில் தொழிலாளிகள் இருந்தார்கள். அங்கே இங்கிலீஷ் பேசி என்ன பிரயோசனம்? தமிழில் பேசினார்கள், மில்லில் வேலை நிறுத்தமே நடந்தது. கேட்கிறவர்கள் மாறினார்கள், பாஷை மாறியது. அவ்வளவுதான் ரகசியம்.

1887-ல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி இரண்டு கரையிலும் நின்ற மனிதர். டில்லி மத்திய சட்டசபையில் 1935-க்குப் பிறகு அவர் இங்கிலீஷில் பேசினால் சர்க்கார் தரப்பார் நடுங்குவார்கள் என்பது பிரசித்தம். அதே மனிதர் திருவல்லிக்கேணிக் கடற்கரைக்கு வந்தால் தமிழில் பொழிவார். சுகுண விலாச சபையில் நாடகம் நடித்தவர் அல்லவா, ஜனங்களுடைய முகத்தைப் படிக்க அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஒரே நாக்கு, இரண்டு விதமான கைதட்டல், இரண்டு பாஷை.

அதற்குப் பிறகு வந்த மாறுதல் இன்னும் பெரிது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். தாத்தாவுடையதில் 'விவாக சுபமுகூர்த்தம்' இருக்கும். அப்பாவுடையதில் 'திருமண அழைப்பிதழ்' வந்திருக்கும். 'அக்கிராசனர்' என்றிருந்தவர் 'தலைவர்' ஆனார். 'காரியதரிசி' செயலாளர் ஆனார். 'அபேட்சகர்' வேட்பாளர் ஆனார். 'உபந்நியாசம்' சொற்பொழிவாகவும், 'நமஸ்காரம்' வணக்கமாகவும் மாறின. இவை எல்லாம் சர்க்கார் உத்தரவு போட்டு முதலில் வந்தவை அல்ல. 1940-களிலும் 1950-களிலும் அண்ணாதுரையும் அவரைச் சேர்ந்தவர்களும் மேடைக்கு மேடை இலக்கியத் தமிழை, அடுக்குமொழியோடு, பேச்சாகப் பேசிக் காட்டினார்கள். ஜனங்கள் தட்டினார்கள். தட்டின இடமெல்லாம் சொல் நிலைத்தது. எங்கள் ஊரிலிருந்தே 1947-ல் 'பொன்னி' என்ற பத்திரிகை வந்தது. முருகு சுப்பிரமணியன் ஆசிரியர். பாரதிதாசன் பரம்பரை என்று இளங்கவிஞர்களை ஒருவர் பின் ஒருவராக அது அறிமுகப்படுத்தியது. மகாராஜா ஆண்ட சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முன்பே பாஷையில் குடியாட்சி வந்துவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்கர் மதுரையில் தங்கி, நம் அரசியல் மேடைப் பேச்சை வருஷக் கணக்காகக் கேட்டு, 2009-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மேடைச் செந்தமிழைக் கேட்கும்போது சங்க காலத்திலிருந்து அறுந்து போகாமல் வருகிற பழக்கம் என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அரசியல் மேடையில் அது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த புதுமை என்பது அவர் கண்டது. பெரியார் மேடை ஏறினால் வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். காமராஜருக்கு அடுக்குமொழி எல்லாம் கிடையாது, சாதாரணப் பேச்சுதான். அவர்களையும் ஜனங்கள் கேட்டார்கள். ஆனால் இளைஞர்கள் கண்ணாடி முன்னால் நின்று பழகியது அடுக்குமொழியைத்தான். அதற்குத்தானே பலமாகத் தட்டுகிறார்கள்?

எனக்கு இதில் குறை இல்லை. நான் தமிழ் வாத்தியாரம்மாள். செந்தமிழ் காதில் விழுந்தால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். தரையில் உட்கார்ந்திருந்த கூலிக்காரர், தம்முடைய பாஷை ராஜாக்கள் பேசின பாஷை என்று அந்த மேடைகளில்தான் தெரிந்துகொண்டார். அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அடுக்குமொழி வராதவர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அவர்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள். முக்கியமாக எங்கள் பெண்பிள்ளைகள்.

இந்த இடத்தில் 1991-ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வருஷம் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். ராத்திரி லாந்தரும் சிலேட்டுமாகத் தொண்டராகப் போனேன். எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தருவது என்று ஏற்பாடாயிற்று. கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், பாலவாடி ஆயாக்கள், நர்ஸுகள் எல்லோரும் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் விடப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமல், ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்கே கம்பி இருக்கிறதே, அதில் குழந்தையை உட்கார வைக்கலாமே! இந்த யோசனை சைக்கிள் செய்தவனுக்குக் கூடத் தோன்றியிருக்காது.

ஆனால் ஆரம்ப நாட்களில் ரோட்டில் கேட்ட பேச்சு இருக்கிறதே, அதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. சாய்நாத்தும் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். பாலக்கட்டையில் நாலு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். சைக்கிளில் ஒரு பெண் வருவாள். ஒருவன் ஏதோ சொல்வான். நான் கவனித்தது என்ன தெரியுமா? சொன்னவன் அந்தப் பெண்ணைப் பார்ப்பதே இல்லை! சொல்லிவிட்டுத் தன் பக்கத்தில் இருக்கிற மூன்று பேரைத்தான் பார்ப்பான். அவர்கள் சிரித்தால் இன்னொன்று சொல்வான். அவள் கேட்டாளா, அழுதாளா என்பது அவனுக்குப் பெரிதல்ல. அந்த வார்த்தை அவளுக்காகச் சொன்னது அல்ல. அந்த மூன்று பேருக்காகச் சொன்னது.

யாரும் அந்தப் பையன்களுக்குப் புத்திமதி சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். நடந்தது வேறு. கலெக்டர் முதல் வாத்தியார் வரையில் சைக்கிளுக்கு ஆதரவாக நின்றார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். மணிச் சத்தத்தில் ராஜ வீதிகள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்றன. பாலக்கட்டையில் இருந்த மூவரில் ஒருவனுடைய அக்காள் சைக்கிள் பழகினாள். இன்னொருவனுடைய அம்மாள் பழகினாள். அதற்கப்புறம் அவன் சொன்னதற்குச் சிரிக்க ஆள் இல்லை. ஒரு நாள் சொல்லிப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், அந்தப் பேச்சு நின்று போயிற்று. சில மாதங்கள் கழித்து அதே பாலக்கட்டையிலிருந்து, "அக்கா, பின் சக்கரத்துல காத்து இல்லை, பாத்துப் போங்க" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதே பையனாக இருந்தால் அவனுக்கு வெட்கமாக இருக்குமே என்றுதான்.

பாலக்கட்டையிலிருந்து கிராம சபைக்கு வருவோம். அங்கே விஷயம் இன்னும் கனமானது, குடிதண்ணீர் சம்பந்தப்பட்டது.

1994-ல் வந்த தமிழ்நாடு ஊராட்சிச் சட்டப்படி, ஊரில் ஓட்டு உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையில் அங்கத்தினர். 2022-லிருந்து வருஷத்துக்கு ஆறு முறை: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி இவற்றோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பேசலாம் என்பது வேறு, பேசுவது வேறு. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிச்சாமி என்ற மூவர் தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசியதை அப்படியே எழுதி எடுத்து ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். பெண்கள் பேசுவது ஆண்களைவிடக் குறைவு. அவர்கள் எடுத்த விஷயம் சபையின் பேச்சாகத் தொடர்வதும் குறைவு. அதிகாரிகளிடமிருந்து கேட்டதற்குப் பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. தலைமைப் பதவி பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறதாம். கச்சிதமான ஆராய்ச்சிதான். ஆனால் நான் எங்கள் ஊர் சபையில் பார்த்த ஒரு சங்கதி அந்தக் கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

2022 மே 1. சமுதாயக் கூடத்தில் இரண்டு மின்விசிறி. அதில் ஒன்று சுற்றுவதைவிடக் கிறீச்சிடுவது அதிகம். முதலில் ஒரு வாலிபர் எழுந்தார். நல்ல பிள்ளை, நான் படிக்க வைத்த பிள்ளை கூட. "குழாய் இருக்கிறது, குடம் இருக்கிறது, குடத்துக்குள்ளே எங்கள் குமுறல்தான் இருக்கிறது!" என்று ஆரம்பித்தார். கூடம் அதிர்ந்தது. கால் மணி நேரம் பேசினார். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது மட்டும் அதில் வரவே இல்லை. வர வேண்டிய அவசியமும் அவருக்கு ஏற்படவில்லை. அதற்குள் நாலு தடவை கைதட்டிவிட்டார்களே!

அப்புறம் எங்கள் சின்னாத்தா எழுந்தாள். எனக்குத் தூரத்து உறவு. அறுபத்தைந்து வயது இருக்கும். அவள் பேசியதை எழுத்துப் பிசகாமல் தருகிறேன்:

"கடைசித் தெருவுக்கு மூணு மாசமாத் தண்ணி எட்டிப் பாக்கலைங்க. தொட்டியைத் தொறந்து விடுற தம்பி கால் மணி நேரத்துல மூடிப்புடுது. எங்க தெரு மேடு. தண்ணி மேடேறி வாரதுக்குள்ள மூடியாச்சு. இன்னொரு கால் மணி நேரம் விட்டாப் போதும், சாமி."

எண்ணிப் பாருங்கள். எந்தத் தெரு, எத்தனை நாள், என்ன காரணம், என்ன பரிகாரம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. ஓர் இன்ஜினீயர் மூன்று பக்கம் எழுதுவதை மூச்சு வாங்காமல் சொல்லிவிட்டாள். ஒரு கை தட்டவில்லை. பின்னால் யாரோ, "எட்டிப் பாக்கலையாம்ல!" என்று சிரித்தார்கள். "சரி சரி, உக்காருங்க ஆத்தா" என்றார் தலைவர். உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். 'பொதுமக்களுக்குத் தடையின்றிக் குடிநீர் வழங்க உரிய நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று இருந்தது. கடைசித் தெரு எங்கே? மூன்று மாசம் எங்கே? மேடு எங்கே? நான் செயலரிடம், "தம்பி, அந்தம்மா சொன்னதையே எழுதியிருக்கலாமே?" என்றேன்.

"எழுதலாம் டீச்சர். ஆனா ஒன்றிய ஆபீஸ்ல பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? தீர்மானம்னா அதுக்கு ஒரு நடை இருக்கில்லையா?" என்றார்.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வாலிபருக்குக் கூடத்தில் ஒரு சபை இருந்தது என்றால், இவருக்கு ஒன்றிய ஆபீஸில் ஒரு சபை இருக்கிறது. அங்கே கைதட்டல் கிடையாது. 'ஏன் இப்படி எழுதினாய்' என்று கேட்காமல் இருப்பதுதான் கைதட்டல்.

எனக்கு வருத்தம் தந்தது அன்று சாயங்காலம் நடந்தது. சின்னாத்தா என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நான் சரியாப் பேசலையோ, தாயி?" என்றாள்.

"நீ பேசினதுதான் பேச்சு, சின்னாத்தா."

"போ தாயி, சும்மா சொல்ற. அந்தத் தம்பி பேசுனாப்ல வருமா? கூடமே கை தட்டுச்சே. நீ பாடம் சொல்ற பிள்ளை; அது மாதிரி ஒண்ணு எழுதிக் கொடேன். அடுத்த கூட்டத்துக்குள்ள மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

அறுபத்தைந்து வயதில், தன் தெருவுக்குத் தண்ணீர் கேட்பதற்கு, தன் பேச்சு போதாது என்று நினைக்கிறாள்! அடுக்குமொழி எழுதுவது எனக்குக் கஷ்டம் அல்ல. ஆண்டு விழாக்களுக்கு எத்தனை எழுதிக் கொடுத்திருக்கிறேன்! இவளுக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றேன். அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அப்புறம் இருவரும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தினமும் தொட்டி திறக்கிற நேரம், மூடுகிற நேரம், தெருவில் எத்தனை குடம் நிறைந்தது என்று குறித்து வைப்பது. அறிவொளியில் கற்ற எண்கள் அவளுக்கு மறக்கவில்லை. 5 மட்டும் கொஞ்சம் படுத்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு மதினியையும், எதிர் வீட்டு மருமகள் பெண்ணையும் சேர்த்துக்கொண்டாள். பேசுவது அவள் பாணியிலேயே என்று முடிவாயிற்று. "உன் பேச்சை நீ பேசு, நாங்க உம் கொட்டுறோம்" என்றாள் மதினி.

ஆகஸ்ட் 15 சபையில் அப்படியே நடந்தது. சின்னாத்தா தாளை எடுத்து, "ஆடி ஒண்ணாந் தேதி ஏழு குடம். ரெண்டாந் தேதி ஒண்ணுமில்லை" என்று ஆரம்பித்ததும், "ஆமா" என்றாள் மதினி. அடுத்ததற்கு இரண்டு பேர் "நெசந்தான்" என்றார்கள். நாலாவது வரிக்குள் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் உட்கார்ந்திருந்த மூலை முழுவதும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தது. அது கைதட்டல் மாதிரி வெடிக்கவில்லை; மழை பிடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை. தலைவர் தொட்டி திறக்கிற தம்பியைக் கூப்பிட்டு அங்கேயே கேட்டார். "மேடுன்னு எனக்கு யாரும் சொல்லலைங்க" என்றார் அந்தத் தம்பி. பார்த்துக்கொள்ளுங்கள்!

செயலர் எழுதிய தீர்மானத்தை அன்றும் பார்த்தேன். 'கடைசித் தெரு மேடாக உள்ளபடியால் நாள்தோறும் அரை மணி நேரம் நீர் திறந்துவிடத் தீர்மானிக்கப்பட்டது' என்று இருந்தது. 'உள்ளபடியால்' ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீர் வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தது. மழைக்காலம் முழுவதும் தினம் வந்தது. கோடை பிறந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று. மோட்டார் பழுதான ஒரு வாரம் ஊருக்கே இல்லை. அதில் கடைசித் தெரு, முதல் தெரு என்ற பேதம் இல்லை. வாலிபர் ஆகஸ்ட் கூட்டத்திலும் பேசினார். சுதந்திர தினத்தைப் பற்றி. அழகாகத்தான் பேசினார், நானும் தட்டினேன். முடிந்ததும் அவர் சின்னாத்தாவிடம் வந்து, "ஆயா, அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன, அஞ்சா?" என்று கேட்டார்.

"அஞ்சுதான். படுத்திருக்கு" என்றாள் சின்னாத்தா.